நாற்பது நிமிடம் கூரையைத் தாங்கியவன்

என் தலைக்கு மேலே என்ன இருக்க வேண்டும் என்பதை இனிமேல் நான்தான் முடிவு செய்வேன்.

இப்படி ஒரு சபதத்தை நான் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நடுத்தெருவில், தலை நிறைய மஞ்சள் தூளோடு. பக்கத்து சீட்டில் என் மாமனார். அவர் தலையிலும் அதே தூள்தான். ஆனால் அவருக்கு முடி கிடையாது. அதனால் தூள் அங்கே தங்காமல் நேராகக் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்ததே கண் ஆஸ்பத்திரிக்குத்தான். உள்ளே நுழைந்ததும் நர்ஸம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த மில்லுல வேலை பெரியவரே?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருஷம் தலைமையாசிரியராக இருந்து, நிமிர்ந்து பார்த்தாலே பள்ளிக்கூடம் அமைதியாகும் மனுஷர். அன்றைக்கு அவரால் கண்ணையே திறக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. காடு, மலை, ஆறு, சேறு என்று எதிலும் ஏறி இறங்குவதற்காகச் செய்த வண்டி. என்னிடம் வந்த பிறகு அது ஏறிய பெரிய மலை, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் வேகத்தடை. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தி வாங்கினேன். அதனால் என் மனைவி அதை 'மூத்தவ' என்றுதான் சொல்வாள். மூத்தவளைக் குளிப்பாட்டியாச்சா என்பாள். மூத்தவளுக்கு இருமல் நிக்கலையே, யார்கிட்டயாவது காட்டக் கூடாதா என்பாள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் ஒரு வாரம் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த ஜீப்புக்கு வெளியே தகரக் கூரை. உள்ளே, தகரம் தெரியாமல் இருக்க, தலைக்கு மேலே இழுத்துக் கட்டிய துணி. இரண்டுக்கும் நடுவில் ஸ்பாஞ்சு. வில் மாதிரி வளைந்த ஐந்து கம்பிகள் அந்தத் துணியைத் தாங்கும். அவ்வளவுதான் உள்கூரை. எங்கள் உள்கூரை சில வருஷங்களாகவே தொங்கிக்கொண்டு வந்தது. முதலில் குண்டூசி குத்தினேன். அப்புறம் டேப் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது துணி, டேப், குண்டூசி, பொடிப்பொடியாகிப்போன மஞ்சள் ஸ்பாஞ்சு எல்லாமாகச் சேர்ந்து எங்கள் மேல் இறங்கியது. வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் தலைமை எழுத்தர். ஒரு கோப்பை மறுக்காமலும் அனுமதிக்காமலும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்திருக்க எனக்குத் தெரியும். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி ஓரமாக வைத்தால் முடிந்தது. வீட்டிலும் அதே கொள்கைதான். அங்கே இருந்த கோப்புகளில் ரொம்பப் பழையது என் மனைவியுடையது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான முதல் மாதமே கேட்டாள், நானும் இந்த ஜீப்பை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று. பார்க்கலாம் என்றேன். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுத்தால்தானே சண்டை. நான் மறுக்கவே இல்லை. மழை நிற்கட்டும் என்பேன். பிரேக்கை மாற்றிவிட்டுச் சொல்கிறேன் என்பேன். இது கார் மாதிரி இல்லை, இரண்டாவது கியர் விழ வேண்டுமென்றால் கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்து, கம்பியை லேசாக இடது பக்கம் சாய்த்து, கொஞ்சம் கெஞ்ச வேண்டும், அது என் கைக்குத்தான் படியும் என்பேன். ஜீப்புக்கு ஒரே ஒரு சாவி. அதைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பேன். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மைதானத்தில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு. எத்தனையோ வருஷமாக வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன், இந்தத் தடவைதான் துணிந்து விண்ணப்பம் வாங்கி நிரப்பினேன். ஓட்டுநர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் பேனா மக்கர் பண்ணியது. மீதியை நீயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று மனைவியிடம் நீட்டினேன். பள்ளிக்குப் போகிற வழியில்தான் அணிவகுப்பு நடத்துகிறவர்களின் ஆபீஸ். விண்ணப்பத்தில் ஒரு விதி இருந்தது: உள்ளே கிழிந்து தொங்கும் வண்டிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். நாலு வாரம் இருந்தது. கூரை இல்லை.

குஷன் கடைக்காரரிடம் விட்டுவிடலாம் என்றாள் மனைவி. போனோம். அவர் பழைய துணியை அளவாக வைத்துப் புதிதாக வெட்டி, கம்பி நுழைகிற மாதிரி ஐந்து இடத்தில் மடிப்புத் தைத்து அழகாகக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வண்டியில மாட்டறதை நாங்களே பாத்துக்கறோம் சார். அதுக்குப் பொறுமை வேணும்" என்றார். பொறுமை என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மனைவி சிரித்தாள். சத்தமாகக்கூட இல்லை. மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, துணியையும் ஒரு டப்பா பசையையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நானே மாட்டறேன். ஒருத்தர் கை படக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் மட்டும் உள்ளேயே நின்று கடைக்காரரிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். பர்ஸை மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை. ஐந்து கம்பிகளையும் கழற்றி முற்றத்தில் வரிசையாக வைத்தேன். எது முன்னால், எது பின்னால் என்று குறித்துவைக்க வேண்டாமா என்று துணி காயப்போட வந்த மனைவி கேட்டாள். ஆயிரக்கணக்கான கோப்புகளை மனதிலேயே வைத்திருக்கிறவன், ஐந்து கம்பியை மறப்பேனா என்று சவடால் விட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐந்தும் ஒரே மாதிரி இருந்தன. நம்பிக்கையோடு மாட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் ஒட்டகத்தின் வயிற்றுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஓரிடத்தில் மேடு, அடுத்த இடத்தில் பள்ளம். கழற்றி மாற்றி, கழற்றி மாற்றி, சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம்தான் அவள் வந்து, அவசரமே இல்லாமல், கம்பி நுனியைப் பாருங்கள் என்றாள். ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்பு நகப்பூச்சில் புள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. காலையில் துணி காயப்போட வந்தபோதே வைத்துவிட்டாளாம்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருத்தர் கை படக் கூடாதுன்னு சொன்னீங்களே என்றாள்.

இரண்டாவது சனிக்கிழமை, பசை. துணியின் ஓரங்களைத் தகரத்தோடு ஒட்ட வேண்டும். நான் பசையை அள்ளித் தடவி, ஈரம் காய்வதற்குள் அவசர அவசரமாக ஒட்டினேன். ஒட்டிய ஓரம் மெல்ல வழுக்கிக் கீழே வந்தது. திரும்ப ஒட்டினேன். திரும்ப வந்தது. முன்பக்கம் பிடித்தால் பின்பக்கம் கழன்றது. பின்பக்கம் ஓடினால் முன்பக்கம் என்னை வழியனுப்பிவைத்தது. மூன்றாவது சனிக்கிழமை பசையை இன்னும் தாராளமாகத் தடவி, கையால் முடியாததைத் தலையாலும் முட்டுக் கொடுத்தேன். துணி கீழே வந்தது. ஆனால் என்னை விட்டுப் போகவில்லை. என் உச்சந்தலை முடியோடு ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். வெட்டறதுன்னா துணியையா முடியையா என்று கேட்டாள். துணி புதுசு என்றேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் என் உச்சந்தலையைப் பார்த்த மேலதிகாரி, ஏதாவது ஆபரேஷனா என்று அக்கறையாக விசாரித்தார்.

கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அணிவகுப்பு. துணி கம்பிகளில் சேலை காயப்போட்ட மாதிரி தொங்குகிறது. போதாததற்கு என் படிக்கிற கண்ணாடியைக் காணோம். வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடியாகிவிட்டது. நான் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மைதானத்து வாசலில், அத்தனை பேர் முன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மானம் போனால் போகிறது என்று எழுந்து போய், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் நின்றேன்.

"கொஞ்சம் கை கொடுக்கறியா?"

சிவப்பு பேனாவை மூடி வைத்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீப்புக்குள் ஏறினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேலையை அவள் செய்த விதமே வேறு. பழைய பசையைச் சுரண்டச் சொன்னாள். துணியை அரை மணி நேரம் வெயிலில் போட்டு எடுத்தாள், இளகுமாம். தகரத்திலும் துணியிலும் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. நான் ஒட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். டீ குடித்துவிட்டு வரலாம் என்றாள். பசை தடவிவிட்டு டீ குடிக்கப் போகிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது. குடித்துவிட்டு வந்து, பசையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். கையில் ஒட்டவில்லை, இனிமேல்தான் துணி ஒட்டும் என்றாள். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. நடுவிலிருந்து ஆரம்பித்து முன்பக்கம், இடது, வலது என்று இழுத்து இழுத்து அழுத்திக்கொண்டே போனாள். ஒரு சுருக்கம் இல்லை. பின்பக்கம் மட்டும் பாக்கி. அதை ஒட்டிவிட்டு, "ரெண்டு மூலையையும் பிடிச்சுக்கோங்க" என்றாள்.

நான் பின்சீட்டில் மண்டியிட்டு, இரண்டு கையையும் தூக்கி, இரண்டு மூலையையும் அழுத்திப் பிடித்தேன்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"டப்பாவுல போட்டிருக்கு. படிங்க."

"கண்ணாடியைக் காணோமே."

"அப்ப நானே படிக்கறேன்." டப்பாவைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் கேள்வித்தாள் வாசிக்கிற குரலில் வாசித்தாள். "ஒட்டிய இடத்தை நாற்பது நிமிடம் கை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கவும். இடையில் கை எடுத்தால் துணி முழுவதும் கழன்று விழும். அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல."

மற்றதையெல்லாம்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். 'நிறுவனம் பொறுப்பல்ல' என்றதும் நம்பிவிட்டேன். இருபது வருஷம் அரசுக் கடிதம் படித்தவனுக்கு அது வேத வாக்கு.

அவள் ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தாள். மடியில் ஒரு நோட்டு. அது எப்போது ஜீப்புக்குள் வந்தது என்று தெரியவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

"எதை?"

"நிலுவையில இருக்கறதை."

அடுத்த அரை மணி நேரம் நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலில், பரணில் இருக்கும் பதினோரு வருஷப் பழைய நாளிதழ்களை எடைக்குப் போடுவது. பார்க்கலாம் என்றேன். கை நடுங்குதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நடுங்கினால் துணி விழுந்துவிடும் என்று ஞாபகப்படுத்தினாள். போட்டுவிடலாம் என்றேன். எழுதிக்கொண்டாள். குளியலறைக் குழாய் சொட்டுவது. சரி. தன் தம்பி வந்தால் நான் தூங்குகிற மாதிரி நடிப்பது. இனி இல்லை. மாமனாரிடம் மன்னிப்புக் கேட்பது. அதை அங்கேயே, அப்போதே. போனைப் போட்டு என் காதில் வைத்தாள். நான் கையைத் தூக்கியபடி, "மாமா, தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "பரவாயில்லை மாப்பிள்ளை, இப்பதான் கண்ணு தெரியுது" என்றார் அவர்.

நடுநடுவே அவள் தேர்வு அறையில் அறிவிக்கிற மாதிரி நேரம் சொன்னாள். பாதி நேரம் முடிந்தது. இன்னும் பதினைந்து நிமிடம். என் தோள் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. இதில் ஒரு ஈ வேறு வந்து மூக்கின் மேல் உட்கார்ந்து சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டிருந்தது. மூக்கு அரிக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது என்றேன். எழுந்து வந்து, ஈயை விரட்டி, இடது பக்கம் சொறிந்துவிட்டு, அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைச் சமையலை என் பெயரில் எழுதிக்கொண்டாள். அப்புறம் வலது பக்கமும் அரித்தது. நான் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம் இருக்கு," என்றாள். "கடைசிக் கேள்வி. கட்டாயக் கேள்வி. நாளைக்கு யார் ஓட்டறது?"

துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"நான்தான். வேற யாரு?"

அவள் கையில் நீளமான ரப்பர் பட்டை ஒன்று இருந்தது. துணியின் பின்ஓரத்தை மூடி இறுக்குகிற பட்டை. அதை மாட்டினால்தான் கையை எடுக்கலாம் என்று சற்று முன்னால் அவளே சொல்லியிருந்தாள். அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு லைசன்ஸே கிடையாதே."

"ரெண்டு வருஷம் ஆச்சு எடுத்து. நீங்க கேக்கல, நான் சொல்லல."

"இது கார் மாதிரி இல்லம்மா. ரெண்டாவது கியர்..."

"ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும், லேசா இடது பக்கம் சாய்க்கணும், கெஞ்சணும். பதினோரு வருஷமா பக்கத்துல சும்மாவா உக்காந்திருந்தேன்?"

அவள் முன்பக்கம் திரும்பினாள். ஸ்டீரிங்கைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் வேறு குரலில், டீச்சர் குரல் இல்லை, சொன்னாள்: "நான் ஒண்ணும் பிடுங்கிக்கல. ஒரு தடவை. இது என் கையில திரும்பறது எப்படி இருக்கும்னு பாக்கணும். ஏன் இப்படிப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை மேலே இருந்ததால் பொய் சொல்லத் தெம்பு இல்லை. "இந்த வீட்டுல எல்லாமே நீ என்னைவிட நல்லா செய்யற. கணக்கு, சமையல், ஆளுங்ககிட்ட பேசறது, இப்ப இந்தக் கூரைகூட. எனக்குன்னு தெரிஞ்சது இந்த ஒண்ணுதான். இதையும் நீ நல்லா ஓட்டிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு கனிவு தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"உங்களுக்கு மிச்சம் இருக்கு," என்றாள். "இவ்வளவு நேரம் கையைத் தூக்கிட்டே இருக்க என்னால முடியாது."

சொல்லிவிட்டு எழுந்தாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். ரப்பர் பட்டையையும் எடுத்துக்கொண்டாள். எப்போது வருவாய் என்றேன். பால் பொங்கறதைப் பொறுத்து என்றாள். அவள் ஒரு காலைக் கீழே வைத்ததுமே நான் சரணடைந்துவிட்டேன். "சாவி கழுத்துல இருக்கு, எடுத்துக்கோ" என்றேன். பதினோரு வருஷக் கோப்பு அந்த இடத்திலேயே முடிந்தது. அவள் கயிற்றை என் தலை வழியாகக் கழற்றிவிட்டுத்தான் பட்டையை மாட்டினாள். முடி இல்லாத இடத்தில் கயிறு சுலபமாகவே வந்தது.

மறுநாள் காலை. அவள் குளித்து, தலை பின்னி, நல்ல சேலை கட்டிக்கொண்டு ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கப்படி முன் சீட்டில் ஏறப் போனேன். பின்னால் போங்கள் என்றாள். ஒட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை, ரோடு குலுங்கும், அந்த இரண்டு மூலையையும் போய்ச் சேரும்வரை பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது என்றாள். நியாயமாகத்தான் பட்டது. மைதானத்து வாசலில் கூரை விழுந்தால் யாருக்கு அவமானம். பின்சீட்டில் மண்டியிட்டு, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஓட்டினாள். எனக்குச் சொல்லவே வயிறு எரிகிறது, நன்றாக ஓட்டினாள். இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கெஞ்சக்கூட இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். பின்னால் ஒருவன் இரண்டு கையையும் தூக்கியபடி வருவதைப் பார்த்ததும், என்னமோ ஏதோ என்று ஆட்டிய கையை இறக்கிக்கொண்டார்கள்.

மைதானத்து வாசலில் ஒரு அம்மாள் எங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர் பெயர் சரியாக இருக்கிறது, உள்ளே போகலாம் என்றார். ஓட்டுநர் மாறியது நேற்றுத்தானே, அது எப்படிச் சரியாக இருக்கும் என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். மாற்றமே இல்லையே, நாலு வாரத்துக்கு முந்தி கொடுத்தபோதே மேடம் பெயர்தான் என்றார் அந்த அம்மாள். என் மனைவி முன்னால் தொங்கும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பேனா மக்கர் பண்ணிய இடம் எனக்கு ஞாபகம் வந்தது.

வரிசையில் நிறுத்தினோம். தேர்வுக் குழுவினர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்து அசந்துபோய், ஒரு சுருக்கம்கூட இல்லையே, யார் வேலை என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, இவர் உதவி பண்ணினார் என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். அவர்கள் போனதும் ஜன்னலில் இன்னொரு தலை தெரிந்தது. குஷன் கடைக்காரர். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்.

"டீச்சர், நான் சொல்லிக் கொடுத்ததைவிட நல்லா மாட்டியிருக்கீங்களே," என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "சார் எதுக்கு மேல பிடிச்சுக்கிட்டு இருக்காரு?"

"பசை பிடிக்கணும்ல," என்றேன் நான். "நேத்து நாப்பது நிமிஷம் பிடிச்சேன்."

"நாப்பது நிமிஷமா? இந்தப் பசை தொட்டதும் பிடிச்சுக்கும் சார். ரெண்டு நிமிஷம் அழுத்தினாலே ஜாஸ்தி. டீச்சர்கிட்ட அன்னிக்கே சொன்னேனே. டப்பாவுலயும் போட்டிருக்கு."

நான் என் மனைவியின் முதுகைப் பார்த்தேன். முதுகு லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவள் முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்து பசை டப்பாவை எடுத்தாள். அதன் பின்னாலிருந்து என் படிக்கிற கண்ணாடியை எடுத்தாள். முந்தானையால் அதைப் பதவிசாகத் துடைத்து, இரண்டையும் பின்னால் என்னிடம் நீட்டினாள்.

"சந்தேகமா இருந்தா நீங்களே படிச்சுப் பாத்துக்கோங்க."

வாங்க முடியவில்லை. இரண்டு கையும் இன்னும் கூரையைத்தான் தாங்கிக்கொண்டிருந்தன.